ஆண் செடி பிடுங்குகிறவர்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு 'கேரள கஞ்சா' என்ற தொடர் நன்றாகப் பழகியிருக்கும். மன்னாரிலோ வடமராட்சிக் கரையிலோ கற்பிட்டியிலோ பொதி பொதியாகப் பிடிபட்டால் அதற்கு அங்கே அந்தப் பெயர்தான். அதே செய்தியின் மறுபாதி எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் வரும். தருவைகுளம், வேம்பார், திருச்செந்தூர் பக்கத்துக் கரைகளில் கியூ பிரிவு போலீஸ் பிடித்ததாக இருக்கும். ஒரு நாள் பீடி இலை, ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் கஞ்சா. சரக்கு மாறும், கரை மாறாது.

வேடிக்கை என்னவென்றால் இன்று பிடிபடுகிற சரக்கில் பெரும்பகுதிக்கும் கேரளாவுக்கும் சம்பந்தமே கிடையாது. இடுக்கி மலையில் ஒருகாலத்தில் விளைந்ததுக்கு ஊர் ஊராகப் பேர் இருந்தது. அங்கே போலீசும் வனத்துறையும் வருஷக்கணக்காக வெட்டி எரித்த பிறகு பயிர் வடக்கே நகர்ந்து ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளுக்குப் போய்விட்டது. 2021-இல் ஆந்திரப் போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்று பெயர் வைத்து 7,000 ஏக்கருக்கு மேல் அழித்ததாகக் கணக்குச் சொன்னது. மலை மாறிவிட்டது, பெயர் மட்டும் பாக் நீரிணையைத் தாண்டி அங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் ஊரில் கஞ்சா என்றால் மூட்டைதான். வாகைக்குளத்துச் சோதனைச் சாவடி, கடற்கரை, படகு, வழக்கு, பேரூரணிச் சிறை - பேச்சு இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அது ஒரு பயிர், அதற்கு உழவு உண்டு, உரம் உண்டு, பருவம் உண்டு, அறுப்பு நாளைத் தப்பவிட்டால் விலை போய்விடும் என்கிற பேச்சு யார் வாயிலும் வராது. அதனால்தான் இந்தியச் சணற்பயிர் மருந்துகள் ஆணையத்தின் அறிக்கையை முதலில் புரட்டியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்படி ஒரு வேளாண்மைப் புத்தகம் போதைப்பொருள் விசாரணைக்குள் ஒளிந்திருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கதை தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்குக்காரரான டபிள்யூ. எஸ். கெய்ன் கேள்வி கேட்டார். கஞ்சாவால் மக்கள் கெட்டுப்போகிறார்களாமே, விசாரிக்கக் கூடாதா? அதே ஆண்டு ஜூலையில் மெக்வொர்த் யங் தலைமையில் ஆணையம் அமைந்தது. ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். ஒருவர் வங்காளத்து ஜமீன்தார், தாஹிர்பூர் ராஜா சசிசேகரேஸ்வர ராய். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டனும் அதில் இருந்தார். மாகாணம் மாகாணமாகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். 1894 ஆகஸ்டில் அறிக்கை தயார், சிறு எழுத்தில் மூவாயிரம் பக்கங்களைத் தாண்டும். மிதமாகக் குடிக்கிறவனுக்குப் பெரிய கேடு இல்லை, தடை வேண்டாம், உரிமம் கொடு, வரி போடு என்பதுதான் முடிவு. மனநலக் காப்பகங்களின் 1892-ஆம் வருஷப் பதிவேட்டை எடுத்து, கஞ்சாவால் பைத்தியம் என்று எழுதியிருந்த 222 பேர் கதையையும் ஒவ்வொன்றாக மறுபடி விசாரித்தார்கள். அதில் 98 மட்டும்தான் தேறியது, அதிலும் பலவற்றில் வேறு காரணங்களும் கலந்திருந்தன. மற்றதெல்லாம், காரணம் தெரியாத இடத்தில் போலீஸ்காரர் நிரப்பிய கட்டம். இந்த ஒரு வேலைக்காகவே அந்த அறிக்கையை மதிக்கலாம் என்பது என் எண்ணம். வரி வருமானத்தில் அரசுக்கு இருந்த ஆசையை மறந்துவிட்டு அல்ல.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பைத்தியக் கணக்கு அல்ல, பயிர் அத்தியாயம்தான்.

ஆணையத்துக்கு முன்பே இரண்டு பேர் அந்த வேலையைச் செய்திருந்தார்கள். 1877-இல் ஹேம் சந்திர கெர் என்ற வங்காள அதிகாரி எழுதியது ஒன்று. 1893-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்து டேவிட் பிரெய்ன் எழுதியது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தைப் பற்றியவை: இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் நவுகான். ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா மூன்று மாவட்டங்களும் சந்திக்கிற பகுதியில் ஒரு வட்டம் போட்டு, அதற்கு 'கஞ்சா மஹால்' என்று பெயர் வைத்து, வங்காள மாகாணத்துக்கே வேண்டிய கஞ்சாவை அங்கே மட்டும் பயிரிட வைத்திருந்தது அரசு. உரிமம் இல்லாமல் விதைக்க முடியாது, விளைந்ததை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

அங்கே குடியானவன் செய்த பாடு கொஞ்சநஞ்சமில்லை. நிழல் விழாத மேட்டு நிலம், மணல் கலந்த வண்டல் வேண்டும். பங்குனி, சித்திரையிலேயே உழவு தொடங்கிவிடும். பக்கத்திலிருந்து புது மண் வெட்டிக் கொட்டுவார்கள், சாணக் குப்பை அடிப்பார்கள், மறுபடி மறுபடி உழுவார்கள். ஆவணி வாக்கில் நாற்றங்கால். புரட்டாசியில் பார் கட்டி நாற்றைப் பிடுங்கி நடுவார்கள். அதற்குப் பிறகுதான் உரக் கதை வருகிறது. மழை ஓய்ந்து ஐப்பசி, கார்த்திகையில், செடி பூப்பெடுக்கப் போகிற சமயத்தில், பாரைக் கொத்திக் கலைத்து, புண்ணாக்கும் சாணமும் இட்டு, மறுபடி மண் அணைப்பார்கள். கீழ்க் கிளைகளைக் கழித்துவிடுவார்கள், செடியின் தெம்பெல்லாம் மேல் நுனிக்குப் போகட்டும் என்று. மார்கழியில் தண்ணீர் பாய்ச்சல்.

நம்ம ஊர் வாழைக்காரருக்கோ மிளகாய்க்காரருக்கோ இது ஒன்றும் புதிதில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்ச் சம்சாரியைக் கேட்டால் சொல்லுவார்: "பூ எடுக்கையில யூரியாவ அள்ளிப் போட்டா செடி தழதழன்னு நிக்கும், காய் நிக்காது." தழைச்சத்து வளர்கிற பருவத்துக்கு, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பூவுக்கும் காய்க்கும் என்பது வேளாண் அலுவலகச் சுவரில் எழுதியிருக்கும் பாடம். நவுகான்காரருக்கு அந்தச் சொற்கள் கிடையாது, ஆனால் பூப்பதற்கு முன் புண்ணாக்கு, பூத்த பிறகு கை வைக்காதே என்கிற கணக்கு இருந்தது. புண்ணாக்கு மெல்ல மக்கிச் சத்து விடுகிற பொருள். கார்த்திகையில் இட்டது செடிக்குள் போய்ச் சேரவே நாளாகும். பூ முற்றுகிற தை மாதத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அது பூவுக்கு உதவாது, இலைக்குத்தான் போகும். செலவும் கொஞ்சமில்லை. புண்ணாக்கு வாங்கக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு விளைச்சலை முன்கூட்டியே பேசிவைத்த வியாபாரி என்று நம்ம பருத்திக்காரர் கதைதான் அங்கேயும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு வேலையை மட்டும் குடியானவனால் செய்ய முடியாது. அதற்கு ஆள் கூப்பிட வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் 'போத்தார்', வேறு பெயர் 'பரக்தார்'. பரீட்சை பார்க்கிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர்கள் கொஞ்சம் கிண்டலாகக் 'கஞ்சா டாக்டர்' என்று எழுதினார்கள்.

கஞ்சாச் செடியில் ஆண் தனி, பெண் தனி, பனையில் அலகுப்பனை, பருவப்பனை இருப்பதைப்போல. பனங்காட்டுக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனையில் இரண்டுக்கும் வேலை உண்டு, இரண்டும் பதநீர் தரும். இங்கே ஆண் எதிரி. ஒரே ஒரு ஆண் செடியின் மகரந்தம் காற்றில் பறந்தால் போதும், சுற்றியுள்ள பெண் செடியெல்லாம் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூவின் சத்து விதைக்குப் போய்விடும், பிசின் குறையும். கருவுறாத பூ காத்துக்கொண்டே இருக்கும், காத்திருக்கக் காத்திருக்க மேலும் மேலும் பூக்கும், பிசின் சுரக்கும். 1970-களில் அமெரிக்காவில் 'சின்சமியா', அதாவது விதையில்லாதது, என்று ஸ்பானியப் பெயரோடு பெரிய கண்டுபிடிப்புப்போலப் பேசப்பட்டது இதைத்தான். நவுகானில் நூறு வருஷத்துக்கு முன்பே அதற்குக் கூலி விகிதம் இருந்தது.

போத்தாரின் திறமை எங்கே இருக்கிறது என்றால், பூ விரிந்த பிறகு ஆணா பெண்ணா என்று சொல்வதில் இல்லை. அதை யாரும் சொல்லிவிடலாம், ஆனால் அப்போது காரியம் கெட்டிருக்கும். கணுவில் மொட்டு இன்னும் ஊசிமுனை அளவாக இருக்கும்போதே அவர் சொல்ல வேண்டும். பார் பாராக நடந்துகொண்டே ஆண் செடியை ஒடித்துச் சாய்த்துவிட்டுப் போவார், குடியானவன் பின்னால் வந்து வேரோடு பிடுங்குவான். ஒரு முறை போனால் போதாது, மறுபடி மறுபடி வர வேண்டும். ஏனென்றால் தப்பினதும் இருக்கும், பெண் செடியிலேயே ஒரு கிளையில் ஆண் பூ முளைப்பதும் உண்டு. நிலத்தின் அளவுக்கு இத்தனை என்று கூலி. பக்கத்து வயல்காரன் சோம்பேறியாக இருந்தால் உன் வயலும் போச்சு. அதனால் ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. பல ஊர்க் குடியானவர்கள் தாவரவியல் சொல்வதற்கு நேர்மாறாகப் பெயர் வைத்திருந்தார்கள். தடித்து உயர்ந்து நிற்கும் பெண் செடிதான் அவர்களுக்கு 'ஆண்', மெலிந்து சீக்கிரம் காய்ந்துபோகிற ஆண் செடி 'பெண்'. சிரிக்க வேண்டாம். ஐரோப்பாவின் பழைய மூலிகை நூல்களிலும் இதே தலைகீழ்தான். செடிகளுக்கும் ஆண் பெண் உண்டு என்று 1694-இல் எழுதிய ஜெர்மானியர் கமெராரியுஸ், சோதனைக்கு எடுத்த செடிகளில் சணற்பயிரும் ஒன்று. பெண் செடியைத் தனியே வைத்தும் அது கொஞ்சம் விதை பிடித்துவிட்டதாம், மனுஷர் எரிச்சலோடு குழம்பியிருக்கிறார். நவுகான் போத்தாரைக் கேட்டிருந்தால் அந்தக் கிளையைக் காட்டியிருப்பார்.

பிறகு அறுப்பு. தை மாதத்தில் பூக்கதிர் உருண்டு திரண்டுவிடும். முற்றினதற்கு அடையாளம், கீழ் இலைகள் பழுத்து உதிர்வது, பச்சையாக இருந்த கதிர் மஞ்சளித்துப் பழுப்பாவது, தொட்டால் கையில் பிசுபிசுப்பது, வயல் பக்கம் போனாலே வாடை மாறியிருப்பது. மாசி, பங்குனியில் வெட்டி, 'சாத்தர்' என்ற களத்துக்குக் கொண்டுபோய், வெயிலில் வைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்குவது ஒரு வகை, உருட்டி உருண்டையாக்குவது இன்னொரு வகை. உதிர்ந்த தூளுக்குத் தனி விலை. சீக்கிரம் வெட்டினால் எடையும் இல்லை, வீரியமும் இல்லை. தாமதித்தால் பிசின் தன்னாலே கெட ஆரம்பிக்கும்.

இன்று இதற்கு வேதியியல் விளக்கம் இருக்கிறது. பூவின் மேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி முடிகளில்தான் சரக்கு. அவற்றின் தலை முதலில் கண்ணாடிபோலத் தெளிவாக, பிறகு பால் நிறமாக, பிறகு தேன் நிறமாக மாறும். போதை தருகிற டிஎச்சி காலப்போக்கில் உடைந்து கன்னாபினாலாக மாறும், அது மந்தம். கேம்பிரிட்ஜில் மூன்று பேர் 1890-களின் பிற்பாதியில் இந்தியச் சரஸிலிருந்து கன்னாபினாலைப் பிரித்தெடுத்து, இதுதான் மூலப்பொருள் என்றார்கள். பழைய சரக்கின் பொருளை ஆராய்ந்து அதையே உயிர் என்று நினைத்திருக்கிறார்கள். 1964-இல் இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் டிஎச்சியைப் பிரித்துக் காட்டும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாள்பட்ட கஞ்சா சத்து இழந்துபோகும் என்பது நவுகான் கிட்டங்கிக்காரர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

சரி, இதுக்கும் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. மூட்டை தவிர?

அதே மாசி, பங்குனியில்தான் எங்கள் கடலிலும் ஒரு அறுப்பு நடந்தது. முத்துக்குளிப்பு. கடல் அடங்கியிருக்கிற மாதங்கள் அவை. ஆணையம் அமைவதற்கு நாலு வருஷம் முன்னால், 1889-இல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது, மதராஸ் அருங்காட்சியகத்து எட்கர் தர்ஸ்டன் வந்திருந்து பார்த்து எழுதியிருக்கிறார். முத்துக்குளிப்பிலும் தலைபோகிற கேள்வி ஒன்றுதான்: எப்போது எடுப்பது? சிப்பிக்கு நாலு வயதாவது ஆக வேண்டும், அதற்கு முன் எடுத்தால் முத்து பொடி. ஒரு வருஷம் பொறுத்தால் மதிப்பு எங்கேயோ போய்விடும். இன்னும் பொறுத்தால் சிப்பி செத்து, முத்து மணலில் கொட்டிவிடும், பாரே வெறும் ஓடு. அதனால் அரசு பாரைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளை விட்டு மதிப்புப் போடச்சொல்லி, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் தேறும் என்று கணக்குப் பார்த்துத்தான் முத்துக்குளிப்பை அறிவிக்கும். எடுத்த சிப்பியில் பெரும்பங்கு சர்க்காருக்கு, மிச்சம் குளிக்கிறவர்களுக்கு. எங்கே எந்தப் பார் இருக்கிறது, எது முற்றியிருக்கிறது என்பது பரதவருக்கும் கீழக்கரைக் குளியாட்களுக்கும் தெரியும். அறிவிக்கிற உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை.

நவுகான் வயலையும் தொல்லாயிரம் பாரையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் காலத்து சர்க்கார் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. இரண்டு இடத்திலும் அதற்குத் தெரியாத ஒன்று, உள்ளூர்க்காரன் கண்ணில் இருந்தது. அந்தக் கண்ணைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, பங்கையும் வரியையும் தன் கையில் வைத்துக்கொண்டது. சுறாவை வாய்கட்டுகிற கடல்கட்டிக்குக்கூட சர்க்கார் படி அளந்ததே. நம்பிக்கை இருந்ததாலா? அவர் வராவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதால்.

பிறகு இரண்டும் இரண்டு திசைக்குப் போயின. 1955 முதல் 1961 வரை நடந்த வரிசைக்குப் பிறகு எங்கள் கடலில் பெரிய முத்துக்குளிப்பு இல்லை. முத்து பற்றிய அறிவு சாகவில்லை, கட்டடத்துக்குள் போனது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வேப்பலோடையில் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்தது. இன்று எந்த மாதத்தில் சிப்பியைத் திறப்பது என்பது ஆராய்ச்சிக் கட்டுரை.

கஞ்சாவின் அறிவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. மதராஸ் மாகாணத்தில் ஆணையம் பார்த்த முக்கியமான பயிர்ப் பகுதி கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர்ப் பக்கம், தெற்கே ஜவ்வாது மலை. மற்ற இடங்களில் கொல்லைப்புறத்தில் நாலு செடி. சித்த மருத்துவத்தில் அதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர், லேகியத்தில் சேரும். 1961-இல் ஐ.நா.வின் ஒற்றை ஒப்பந்தம் வந்தது, மருத்துவம் அல்லாத உபயோகத்தை நிறுத்த 25 வருஷ அவகாசம். அவகாசம் முடிகிற நேரத்தில், 1985-இல், இந்தியா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் பூதான் எல்லைக்கோடு. கஞ்சா என்றால் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. அதனால்தான் காசியில் பாங்குக் கடை இன்னும் திறந்திருக்கிறது. இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை. போத்தார் எந்தக் கணுவைக் குனிந்து பார்த்தாரோ அதே கணுவில் வந்து நிற்கிறது சட்டம்.

அந்தச் சட்டத்தில் 20 கிலோ வணிக அளவு. அதைத் தாண்டினால் குறைந்தது பத்து வருஷம், கூடினால் இருபது, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், ஜாமீன் குதிரைக்கொம்பு. ஒரு மூட்டையே 20 கிலோவைத் தாண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். எங்கள் கரையில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் படகு ஓட்டுகிறவர்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள், வண்டி கொண்டுவந்தவர்கள். அரக்குப் பள்ளத்தாக்கில் விதைத்தவனையும் தெரியாது, கொழும்பில் விற்பவனையும் தெரியாது. மீன்பாடு இல்லாத மாதத்தில் ஒரு ராத்திரிக்கு இத்தனை என்று பேசிக்கொண்டு போன பையன் ஒருவனைப் பற்றி அவன் மாமா என்னிடம் சொன்னது: "செடி எப்டி இருக்கும்னு கேட்டா அவனுக்குத் தெரியாது அண்ணாச்சி. பாலித்தீன் சுத்தின பார்சலத்தான் பாத்துருக்கான்." அந்தப் பையனுக்கு 23 வயது, வழக்கு நடக்கிறது.

கடத்தல் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும், எங்கள் தெருவிலேயே அதனால் கெட்டுப்போன பிள்ளைகள் உண்டு. ஆனால் 1894-இல் ஏழு பேர் ஊர் ஊராகப் போய்ப் பைத்தியக்காரர் பட்டியலைக்கூட ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார்கள். 1985-இல் அப்படி யாரும் எங்கேயும் போகவில்லை. யார் பயிரிடுகிறார், யார் சுமக்கிறார், யாருக்கு எவ்வளவு போகிறது என்று விசாரித்துச் சட்டம் எழுதியிருந்தால், கிலோக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்துத் தண்டனையை நிறுத்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நவுகானில் 1917-இல் கஞ்சா பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதிவானது. கடனும் தரகும் குடியானவனைத் தின்பதைத் தடுக்க ஆரம்பித்தது அது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், மசூதி என்று ஊருக்குச் செலவழித்தது. வங்கதேச அரசு 1980-களில் பயிரை நிறுத்தியது. சங்கத்தின் கட்டடங்களும் நிலங்களும் இன்னும் இருக்கின்றன, பயிர்தான் இல்லை. பூப்பருவத்தில் பார் பாராக நடந்து ஆண் செடியை ஒடித்துப்போட்ட போத்தார்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். கெர், பிரெய்ன், ஆணையம் என்று மூன்று அறிக்கைகளையும் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு போத்தாரின் பெயர்கூட என் கண்ணில் படவில்லை.